கூப்பிட்டால் ‘இருக்கேன்’ என்னும்

அண்ணா, உங்களுக்கு ஒரு விடுகதை போடட்டுமா? கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பச்சைக் கதவு திறந்து, கோர்ட் டவாலி வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வரைக்கும் நாம் இரண்டு பேரும் இந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். நீங்களும் அந்தப் பேப்பரை முதலிலிருந்து கடைசி வரை இரண்டு தடவை படித்துவிட்டீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கூப்பிட்டால் ‘இருக்கேன்’ என்னும். போய்ப் பார்த்தால் இருக்காது. அது என்ன?

எதிரொலியா? நானும் முதலில் அதைத்தான் சொன்னேன். இல்லையாம். நிழலா? நிழல் எங்கே அண்ணா பேசும்? வேறு யோசியுங்கள். தயவுசெய்து யோசியுங்கள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. 

என் மகள் போட்ட விடுகதை. பெயர் தன்ஷிகா. நாலாம் வகுப்பு. அதோ, அந்த ஜன்னல் ஓரம் சிவப்பு ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். பக்கத்தில் இருப்பது ஹேமலதா, என் மனைவி. இன்றைக்கு வரைக்கும் மனைவி. அவளுக்குத் திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. தன்ஷியையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறாள். நான் கூடாது என்கிறேன். ஜட்ஜம்மா இன்றைக்குத் தன்ஷியைத் தனியாக உள்ளே கூப்பிட்டு, யாரோடு இருக்க விருப்பம் என்று கேட்கப்போகிறார். அவள் சொல்வதை வைத்துத்தான் முடிவு இருக்கும் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில்தான் இந்த விடுகதையைப் போட்டாள். எதிரொலி என்றேன். “இல்லப்பா.” ரேடியோ என்றேன். “இல்லப்பா. கோர்ட்டுக்கு வருவீங்கள்ல? நான் உள்ள போறதுக்கு முன்னாடி பதில் சொல்லுங்க. சொன்னீங்கன்னா...” அதோடு நிறுத்திவிட்டாள். சொன்னால் என்ன? அதைச் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டாள்.

சொன்னால் அப்பாவோடு வருகிறேன் என்றுதானே அண்ணா இருக்கும்? வேறு என்ன இருக்க முடியும்? நீங்களே சொல்லுங்கள்.

ஒரு நிமிஷம். போன்.

“சொல்லு நிஷாந்த்... மழை எங்க, மேட்டுப்பாளையம் பக்கமா? சரி, மெஷின் மினிமத்த ஏத்திரு. எட்டு வை. எட்டுக்குக் கீழ எறங்க விடாத. நான் இருக்கேன், இருக்கேன். நீ பாரு.”

மன்னிக்க வேண்டும். என்னோடு வேலை செய்கிறவன். நான் இன்றைக்கு லீவுதான். ஆனாலும் இந்த லேப்டாப்பை மடியிலேயே திறந்து வைத்திருக்கிறேன். மழை வருகிற நாள், பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வேறு.

பள்ளிக்கூட பஸ் எங்கே வருகிறது என்று அப்பா அம்மாக்கள் போனில் பார்ப்பார்கள் இல்லையா? வரைபடத்தில் ஒரு பச்சைப் புள்ளி நகரும். அந்தப் புள்ளி எங்கள் கம்பெனியுடையது. அதற்குப் பின்னால் ஓடுகிற சர்வர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அவை எங்கள் ஆபீசில் இல்லை. வேறொரு பெரிய கம்பெனி மும்பையில் கட்டடம் கட்டி அடுக்கி வைத்திருக்கிறது, நாங்கள் வாடகைக்கு எடுக்கிறோம். கிளவுட் என்பார்கள். மேகம் என்றதும் மேலே பார்க்காதீர்கள், தரையில்தான் இருக்கிறது.

கல்யாண மண்டபத்தில் பந்தி நடக்கும் அல்லவா, அதை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் வந்தால் பரிமாற இன்னும் நாலு பேரைக் கூப்பிட வேண்டும். கூட்டம் குறைந்தால் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். சும்மா நிற்கிறவருக்கும் கூலி உண்டே! எங்கள் மெஷின்களும் அப்படித்தான். காலையில் பஸ் கிளம்பும்போது கூட்டுவோம், பத்து மணிக்குக் குறைப்போம், சாயங்காலம் மறுபடி கூட்டுவோம். இதையெல்லாம் ஆள் உட்கார்ந்து செய்ய முடியாது. அதற்கென்று ஒரு மேஸ்திரி வைத்திருக்கிறோம். அதுவும் ஒரு புரோகிராம்தான். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மெஷினாகப் போய் ‘இருக்கியா?’ என்று கேட்கும். மெஷின் ‘இருக்கேன்’ என்று சொல்ல வேண்டும். தொடர்ந்து மூன்று தடவை பதில் சரியில்லை என்றால் அதைப் பந்தியிலிருந்து எடுத்துவிட்டு வேறொன்றை நிறுத்திவிடும். சாப்பிடுகிறவருக்கு ஆள் மாறியதே தெரியாது. யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். எவ்வளவு அழகான ஏற்பாடு!

அதே ஏற்பாட்டைத்தான் அண்ணா என் வீட்டிலும் செய்தேன். அதில் என்ன தப்பு?

ஹேமா ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். உள்ளே போனால் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். எப்போது வெளியே வருவாள் என்று அவளுக்கே தெரியாது. எனக்கு வீட்டிலிருந்து வேலை. தன்ஷியின் பஸ் பால் சொசைட்டி ஸ்டாப் வரைக்கும்தான் வரும். அங்கிருந்து எங்கள் அபார்ட்மென்டுக்கு நடக்க வேண்டும், நடுவில் ஒரு ஓடைப் பள்ளம், அதன் மேல் சின்னப் பாலம். யாராவது போய்க் கூட்டி வர வேண்டும். நான்தான் சொன்னேன்: “ஹேமா, மத்தியானம் நீ உள்ள போறதுக்கு முன்னாடி போனைப் பாரு. என்கிட்ட இருந்து ‘இருக்கேன்’னு வந்திருந்தா, நான் பஸ் ஸ்டாப்புக்குப் போறேன்னு அர்த்தம். வரலைன்னா பர்வீன் அக்காகிட்ட சொல்லிட்டு உள்ள போ.” பர்வீன் அக்கா எதிர்வீடு. அவருடைய பிள்ளைகள் காலேஜுக்குப் போய்விட்டார்கள். தன்ஷி மேல் உயிர். சாயங்காலம் நான் இன்னொரு செய்தி அனுப்ப வேண்டும்: ‘வீட்டுக்கு வந்துட்டோம்.’ அவ்வளவுதான். ஒரு மெஷின் விழுந்தால் இன்னொன்று. கச்சிதமாக இல்லையா?

ஆரம்பத்தில் ஒரே ஒரு சிக்கல்தான். வேலை மும்முரத்தில் நான் செய்தி அனுப்ப மறந்துவிடுவேன். ஆனால் கூட்டி வரப் போய்விடுவேன். அங்கே பர்வீன் அக்காவும் குடையோடு நிற்பார். “ஏன் தம்பி, ஒத்தப் புள்ளைய எறக்க ரெண்டு பேரு கியூவா?” என்று சிரிப்பார். ஹேமாவிடம் எனக்குத் திட்டு விழும். “ஒரு வார்த்தை அனுப்ப முடியாதாங்க? கையுறை போடறப்பக்கூட அதே நெனப்பா இருக்கு எனக்கு.”

மறதிக்கு மருந்து என்ன? மெஷின். ஒரு சின்னப் புரோகிராம் எழுதினேன். தினமும் மத்தியானம் ஹேமாவுக்கு அதுவே ‘இருக்கேன்’ என்று அனுப்பிவிடும். சாயங்காலம் அதுவே ‘வீட்டுக்கு வந்துட்டோம்’ என்று அனுப்பிவிடும். தினமும் ஒரே மாதிரி வந்தால் அவளுக்குச் சலித்துப்போகும் என்று மாற்றி மாற்றி வைத்தேன். ஒரு நாள் ‘இருக்கேன்’, ஒரு நாள் ‘இருக்கேன்மா’, வெள்ளிக்கிழமை என்றால் கூட ஒரு பூப்படம்.

அதற்குப் பிறகு ஒரு நாள்கூடத் தவறியதில்லை. ஹேமாவுக்கு அவ்வளவு சந்தோஷம். “இப்பல்லாம் மறக்காம அனுப்பறீங்க, மனசுக்கு நிம்மதியா இருக்குங்க” என்று சொல்லி, ஒரு நாள் எனக்காகக் கேசரி கிண்டினாள். அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்தது நான் எழுதிய புரோகிராம்தானே? இன்றைக்கு அதே புரோகிராமைப் பிரிண்ட் போட்டுக் கோர்ட்டில் கொடுத்திருக்கிறாள்.

நான் போகாமல் இருந்தேனா? போனேன் அண்ணா. அனுப்புவது மெஷின், போவது நான். சில நாள் கொஞ்சம் தாமதமாகும். ஸ்டாப்பில் தன்ஷி பெட்டிக்கடை ஓரமாக நின்று, தொங்குகிற சிப்ஸ் பாக்கெட்டுகளை எண்ணிக்கொண்டிருப்பாள். “இன்னிக்கு எத்தனை கண்ணு?” என்பேன். சொல்வாள். எவ்வளவு என்று இப்போது ஞாபகம் இல்லை.

போன வருஷத்து ஐப்பசி மழையைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். சரி, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடங்கள் முன்னாடியே விட்டுவிட்டன. ஊரில் இருக்கிற அத்தனை அப்பா அம்மாவும் ஒரே நேரத்தில் ஆப்பைத் திறக்கிறார்கள். என் பஸ் எங்கே, என் பஸ் எங்கே. நான் பயப்படவில்லை. கூட்டம் வந்தால் மேஸ்திரி மெஷின்களைக் கூட்டிவிடும். ஆனால் அது கூட்டவில்லை. குறைத்துக்கொண்டிருந்தது! வெளியே கூட்டம் முட்டி மோதுகிறது, உள்ளே ஆளை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஏன் என்று யோசியுங்கள்.

நாலைந்து மெஷின்கள் செத்துப்போயிருந்தன. சாகவும் இல்லை, அதுதான் கொடுமை; தொங்கிப்போச்சு என்போம். கையில் சாம்பார் வாளியோடு அப்படியே நிற்கிற ஆளைப் போல. மேஸ்திரி வந்து ‘இருக்கியா?’ என்றால் உடனே ‘இருக்கேன்’ என்கிறது. ஆனால் ஒரு இலைக்கும் பரிமாறவில்லை. வேலையே செய்யாததால் அதன் மேல் பாரமும் இல்லை. மேஸ்திரி என்ன நினைக்கிறது? அடடா, இந்த ஆள் சும்மா இருக்கிறானே என்று மேலும் மேலும் இலைகளை அவன் பக்கமே திருப்பிவிடுகிறது. மொத்தமாகக் கணக்குப் போட்டுப் பார்த்து, வேலை குறைவாகத்தான் இருக்கிறது என்று, ஓடி ஓடிப் பரிமாறிக்கொண்டிருந்த நல்ல மெஷின்களை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. புரிகிறதா அண்ணா? ‘இருக்கேன்’ என்ற ஒரு வார்த்தையை நம்பியதால் வந்த வினை!

அதைக் கண்டுபிடித்தது நான். வேறு யாருக்கும் பிடிபடவில்லை. எனக்கு மட்டும்தான் பிடிபட்டது. மேஸ்திரியின் கையைக் கட்டிப்போட்டுவிட்டு, மெஷின்களை நானே ஒவ்வொன்றாகக் கூட்டினேன். பொய் சொன்னவற்றை ஒவ்வொன்றாக எடுத்தேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது, அதைத் திருப்பிப் போட்டு வைத்தேன். அந்த மழையில் அத்தனை பிள்ளைகளின் பஸ்ஸும் யார் பார்த்தாலும் தெரிந்தது. கடைசியில் ஒரு நிமிஷம்கூட ஆப் நிற்கவில்லை என்று எங்கள் முதலாளி கைதட்டினார்.

தன்ஷியை மறந்துவிட்டேன் என்று ஹேமாவின் வக்கீல் எழுதியிருக்கிறார். மறக்கவே இல்லை. அவ்வளவு நெருக்கடியிலும் அவளுடைய பஸ்ஸைத் தேடிப் பார்த்தேன். பச்சைப் புள்ளி பால் சொசைட்டியில் வந்து நின்றது. கொஞ்ச நேரம் நின்றது, கிளம்பியது. அப்பாடா, பத்திரமாக இறங்கிவிட்டாள் என்று நிம்மதியாக இருந்தது. சரியான நேரத்தில், சரியான இடத்தில். எங்கள் ஆப் ஒரு மயிரிழை பிசகவில்லை அண்ணா!

அதன் பிறகு நடந்தது எனக்குப் பின்னால்தான் தெரியும். அவள் நின்றிருக்கிறாள். பெட்டிக்கடைக்காரர் மழைக்குப் பயந்து கடையைப் பூட்டியிருக்கிறார். “அப்பா வந்துருவாங்க, தினமும் அம்மாவுக்கு இருக்கேன்னு அனுப்புவாங்க” என்று அவரிடம் சொன்னாளாம். ரொம்ப நேரம் நின்றிருக்கிறாள். பிறகு தனியாக நடந்திருக்கிறாள். பாலத்துக்கு மேல் தண்ணீர் போயிருக்கிறது. கால் வழுக்கியிருக்கிறது. பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு... பர்வீன் அக்கா துணி எடுக்க மாடிக்கு வந்தவர், மேலேயிருந்து அந்தப் பள்ளிக்கூடப் பையைப் பார்த்திருக்கிறார். மஞ்சள் பை. அதைப் பார்த்துத்தான் ஓடியிருக்கிறார்.

மணிக்கட்டு எலும்பில் சின்ன விரிசல். அவ்வளவுதான். டாக்டரே சின்ன விரிசல் என்றுதான் சொன்னார்.

கீழ்வீட்டு டீச்சர் வந்து கதவைத் தட்டிச் சொன்னதும் நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஹேமா வேலை செய்கிற அதே ஆஸ்பத்திரி. தியேட்டர் உடுப்போடு அப்படியே கட்டில் பக்கத்தில் நின்றிருந்தாள். தன்ஷிக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பர்வீன் அக்கா நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே, “எத்தனை தடவை அடிச்சேன் தம்பி உங்க போனுக்கு” என்றார். ஹேமா தன்ஷியின் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு எதிரே நிற்கிறேன். என் போன் வீட்டிலேயே கிடக்கிறது, என் இரண்டு கையும் வெறும் கை. அப்போது பார்த்து அவள் போன் டிங் என்றது.

எடுத்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள்.

‘வீட்டுக்கு வந்துட்டோம்மா.’ கூடவே ஒரு பூ. வெள்ளிக்கிழமை.

அவள் கத்தவில்லை அண்ணா. கத்தியிருந்தால் தேவலை. போனைத் தன்ஷியிடம் காட்டவும் இல்லை. ஆனால் தன்ஷி எட்டிப் பார்த்துவிட்டாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயசு தாண்டிவிட்டதே. “அப்பா இங்கதானே இருக்காரு, யாரும்மா அனுப்பினா?” என்று கேட்டாள். 

புரோகிராமில் ஒரு வரி விட்டுப்போயிற்று, அவ்வளவுதான் விஷயம். மழை நாளில் அனுப்பாதே என்று ஒரு வரி. அதைச் சேர்த்திருந்தால் இன்றைக்கு இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்க மாட்டேன். ஒரே ஒரு வரி!

மறுநாள் தன்ஷி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கதை மாதிரி. சாம்பார் வாளியோடு நிற்கிற மெஷினைப் பற்றிச் சொன்னதும் சிரித்தாள். பிறகு கேட்டாள்.

“அப்ப பொய் சொல்ற மெஷினை எப்படிப்பா கண்டுபிடிப்பீங்க?”

“இனிமே இருக்கியான்னு கேக்க மாட்டோம் கண்ணு. இருக்கியான்னு கேட்டா எல்லாரும் இருக்கேன்னுதான் சொல்லுவாங்க. சின்னதா ஒரு வேலை குடுப்போம். பன்னண்டாம் நம்பர் பஸ் இப்ப எந்த ஸ்டாப்புல இருக்குன்னு கேப்போம். கரெக்டா சொன்னாத்தான் இருக்குன்னு அர்த்தம்.”

“தப்பா சொன்னா?”

“மூணு தடவை பாப்போம். மூணு தடவையும் தப்புன்னா எடுத்துருவோம்.”

“அதுக்கு வருத்தமா இருக்காதாப்பா?”

“மெஷினுக்கு என்ன சாமி வருத்தம்?”

 மாவுக்கட்டின் மேல் விரலால் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள். எவ்வளவு கூர்மையான குழந்தை பாருங்கள். எங்கள் ஆபீசில் இதைப் புரியவைக்க எனக்கு அரை நாள் பிடித்தது.

அந்த வாரமே ஹேமா அவளைக் கூட்டிக்கொண்டு பீளமேட்டில் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடியோவில் பேசலாம் என்று ஏற்பாடு. அந்த வீட்டில் நான் தனியாக எப்படி இருக்கிறேன் என்று யாரும் கேட்பதில்லை. அவள் கட்டில் அப்படியே இருக்கிறது. அவள் அறை விளக்குகூடச் சாயங்காலம் தானாக எரிந்து, தானாக அணைகிற மாதிரி வைத்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் குழந்தை இருக்கிற வீடு என்றுதான் தோன்றும். பர்வீன் அக்கா ஒரு நாள் கதவைத் தட்டிவிட்டார். “தன்ஷி வந்துருச்சா?” என்று ஓடி வந்தார். இல்லை அக்கா, ஸ்விட்ச் என்றேன். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் அண்ணா ஆறு நாளும் ஓடுகிறது. ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை, போட்டுப் பாருங்கள் கணக்கை. கொஞ்ச நாளாகத் தன்ஷி போனில் புதுசாக ஒரு விளையாட்டு விளையாடுகிறாள். ஏதாவது பேசிக்கொண்டே வந்து திடீரென்று நிறுத்துவாள். “நான் இப்ப என்னப்பா சொன்னேன்?” என்பாள். “சூப்பர் கண்ணு” என்றேன். ஸ்கூலில் யாரோ அவளைக் கீழே தள்ளிவிட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அன்றைக்கு ஹைதராபாத் பஸ்களுக்காக ஒரு புது மெஷினைச் சோதித்துக்கொண்டிருந்தேன், ஒரு கண் அதன் மேல் இருந்தது. அதற்கு அடுத்த வாரம், “என் மூஞ்சில என்ன மாறியிருக்கு சொல்லுங்க?” என்றாள். வீடியோவைச் சின்னதாக ஓரத்தில் வைத்திருந்தேன். “முடி வெட்டிட்டியா சாமி? அழகா இருக்கு” என்றேன். அவள் கண்ணாடி போட்டிருந்தாள். முதல் தடவையாகக் கண்ணாடி. அதோ பாருங்கள், இப்போதும் போட்டிருக்கிறாள். அழகாகத்தானே இருக்கிறது? நான் சொன்னதில் என்ன தப்பு?

அதற்கு அடுத்த வாரம்தான் இந்த விடுகதை.

அவள் இல்லாமல் எனக்கு வேறு ஒன்றுமில்லை அண்ணா. இதை எப்படிச் சொன்னால் அந்த ஜட்ஜம்மாவுக்குப் புரியும்? எல்லாம் தயாராக வைத்திருக்கிறேன். பர்வீன் அக்கா ஒருத்தர், அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் கீழ்வீட்டு டீச்சர், அவரும் இல்லை என்றால் ஒரு டிரைவர். தன்ஷி கையில் கட்டுகிற வாட்ச், அவள் எங்கே இருக்கிறாள் என்று காட்டும். வீட்டில் நாலு கேமரா. இனி எது விழுந்தாலும் அதற்குப் பின்னால் இன்னொன்று நிற்கும். நான் இல்லையென்றால்கூட அவளுக்கு ஒரு குறையும் வராத மாதிரி செய்து வைத்திருக்கிறேன். இதைவிட ஒரு அப்பா என்ன செய்ய முடியும்?

ஏதோ சொல்ல வந்தீர்களே, சொல்லுங்கள். விடுகதைக்குப் பதிலா? தெரிந்துவிட்டதா?

ஐயோ, ஒரு நிமிஷம். நிஷாந்த். எடுக்காவிட்டால் அவன் தடுமாறிப்போவான்.

“சொல்லு... எட்டும் இருக்குன்னு காட்டுதா? அப்பறம் ஏன் ஸ்லோவா இருக்கு? இரு, நான் பாக்கறேன். லைன்லயே இரு... எத்தனாவது மெஷின்? மூணா? அதைத் திறந்து பாரு... இருக்கேன் கண்ணு, ஒரு நிமிஷம்... இல்ல, உன்னைச் சொல்லல நிஷாந்த். நீ சொல்லு. பழைய செக்கையே வச்சிருக்கியாடா அதுல? ‘இருக்கியா’ன்னு மட்டும் கேக்கற செக்கு? அதான்! அதான் தொங்கிட்டு நிக்குது! அதை எடுத்துரு.”

அண்ணா! அண்ணா, கண்டுபிடித்துவிட்டேன்! தொங்கிப்போன சர்வர்! கூப்பிட்டால் இருக்கேன் என்னும், போய்ப் பார்த்தால் இருக்காது. சர்வர்தான்! நான் சொன்ன கதையிலிருந்தே விடுகதை பண்ணியிருக்கிறாள் பாருங்கள். என் மகள் அண்ணா, என் மூளை. நான் செய்கிற வேலையை இவ்வளவு நாள் மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அப்பா மேல் பாசம் இல்லாமலா? இதோ, போய்ச் சொல்லிவிட்டு...

எங்கே அவள்? அந்த ஜன்னல் ஓரம்...

என்ன சொல்கிறீர்கள்? இங்கே வந்தாளா? இங்கே, என் முன்னாலேயா? டவாலி கூப்பிட்டதும் அம்மா கையை விட்டுவிட்டு நேராக இங்கே வந்தாளா? எவ்வளவு நேரம் நின்றாள்? ‘அப்பா’ என்று கூப்பிட்டாளா? இரண்டு தடவையா? பதில் சொன்னேனே அண்ணா. கேட்டீர்கள் அல்லவா, ‘இருக்கேன் கண்ணு’ என்று சொன்னேனே. என் காதில் விழுந்ததால்தானே சொன்னேன்.

கதவைச் சாத்திவிட்டார்கள். “டவாலி சார், ஒரே வார்த்தை, கொழந்தைகிட்ட ஒரே ஒரு வார்த்தை... பதில் தெரிஞ்சிருச்சுன்னு மட்டும்... சரி சார். சரி. உக்காந்துக்கறேன்.”

ஏன் அண்ணா என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்? தோளில் கை வைக்கிற அளவுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. வெளியே வந்ததும் சொல்லிவிடுவேன். குழந்தைதானே. முன்னாடி சொன்னால் என்ன, பின்னாடி சொன்னால் என்ன? பதில் சரியாக இருந்தால் போதாதா? உள்ளே நின்றுகொண்டு அவளும் என்னைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாள். நீங்கள் ஏதோ சொல்ல வந்தீர்களே, நீங்கள் நினைத்த பதிலும் இதுதானே?

வேறா? பரவாயில்லை, இப்போது வேண்டாம். எனக்கு இது போதும்.

லேப்டாப்பை மூடிவிட்டேன், பார்த்தீர்களா? போனையும் அணைத்துவிட்டேன். மழை பெய்யட்டும். எது விழுந்தாலும் விழட்டும். இப்போது நான் இங்கேதான் இருக்கிறேன். முழுசாக இங்கேதான் இருக்கிறேன்.

கதவு.

சொல்லிவிட்டேன் அண்ணா. ஓடிப்போய் அவள் முன்னால் மண்டியிட்டு, “சர்வர்தானே கண்ணு? தொங்கிப்போன சர்வர்!” என்றேன். கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டர் நுனியில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “கிட்ட வந்துட்டீங்கப்பா” என்றாள். கிட்ட என்றால் சரி என்று அர்த்தமா, தப்பு என்று அர்த்தமா? கேட்பதற்குள் ஹேமா கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு வக்கீல் வந்தார்.

தன்ஷிகா அம்மாவோடு திருநெல்வேலிக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறாள்.